சிகரெட்டின் இரண்டாம் பாதி

ஒரே சிகரெட்டின் முதல் பாதியை ஒருவரும் மறுபாதியை இன்னொருவரும் பத்தொன்பது ஆண்டுகளாக இழுத்துவந்திருக்க, அந்த இருவரில் ஒருவருடைய சிறுநீரகம் மட்டும் ஏன் கெட்டுப்போக வேண்டும்? சின்னப்பராஜின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான். மருத்துவரிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. சின்னப்பராஜுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிடிக்காத பதிலையும் பதில் என்று ஒப்புக்கொள்ளச் சிலரால் முடியும். அவரால் முடியவில்லை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அரசுப் பேருந்து ஓட்டியவர் அவர். சொந்த ஊர் ஒலக்கூர்ப் பக்கம். வேலை கிடைத்ததும் மனைவி லூர்துசெல்வியோடு விழுப்புரத்தில் குடியேறினார். மகள் ஜெர்லின் அங்கேதான் பிறந்தாள். அவருடைய வண்டிக்குக் கண்டக்டர் சீனுவாசன். திருவாமாத்தூரில் கொஞ்சம் நிலமும், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெருநெல்லி மரமும், லட்சுமியம்மாள் என்ற மனைவியும் உள்ளவன். சின்னப்பராஜைவிட நான்கு வயது இளையவன். டெப்போவில் இருவரையும் ஒரே வண்டியில் போட்டது தற்செயல்தான். அதற்குப் பிறகு அதிகாரி மாறும்போதெல்லாம் இருவரும் கேட்டுக் கேட்டு ஒரே வண்டியில் இருந்துகொண்டார்கள்.

முதல் நடை காலை ஏழே முக்காலுக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் போய் நிற்கும். வண்டியை நிறுத்தியதும் டிரைவருக்கு வேலை முடிந்தது. கண்டக்டருக்கு டைம்கீப்பரிடம் போய்க் கையெழுத்து வாங்கும் வேலை இருந்தது. ஆகவே முதல் பாதி டிரைவருக்கு. டீக்கடைக்குப் பின்னால் சுவரோரம் நின்று, சிகரெட்டைப் பற்றவைக்கும் முன், சின்னப்பராஜ் அதன் நடுவில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கீறுவார். தணல் கோட்டைத் தொடுவதற்கும் சீனுவாசன் வந்து கைநீட்டுவதற்கும் சரியாக இருக்கும். ஒரு நாளைக்கு இப்படி எட்டு முறை. வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் பிடிக்கும் முழு சிகரெட்டைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமும் அதிகம் சொல்லிக்கொண்டதில்லை.

ஐம்பத்து நான்காவது வயதில் அவருக்குக் கால் வீங்கியது. மாலையில் ஷூவைக் கழற்றினால் காலுறையின் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. சிறுநீர் நுரைத்தது. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு அவரைச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவர் கலைமதி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுவேன் மேடம். தல சுத்துனா சாப்பிடுவேன்."

"சுத்தலைன்னா?"

"சுத்தலைன்னா எதுக்கு மேடம்?"

"வலி மாத்திரை ஏதாவது?"

"இடுப்புக்கு. டிரைவர் இடுப்பு மேடம், பன்னெண்டு வருசமா டெய்லி ஒண்ணு. ரோடு வேலை நடந்தா ரெண்டு."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"அது குடிச்சா நடுவுல வண்டிய நிறுத்தணுமே மேடம்."

"சிகரெட்?"

"பாதி."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். சின்னப்பராஜ் நகக்கோட்டை விளக்கினார். அந்த அறையில் அவர் பெருமையோடு சொன்ன ஒரே விஷயம் அது.

சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தங்கும் கழிவின் அளவு, கிரியாட்டினின், ஒன்று புள்ளி ஒன்பது என்றார் மருத்துவர்; ஒன்றை ஒட்டித்தான் இருக்க வேண்டுமாம். கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலி மாத்திரை, தண்ணீர் குடிக்காதது, புகை, இந்த நான்கும் சேர்ந்து செய்த வேலை. புகை சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்கும், மற்ற மூன்றும் செய்யும் கெடுதலை விரைவுபடுத்தும் என்றார். இத்தோடு நிறுத்திக்கொண்டால் இருப்பதை வைத்து நீண்டகாலம் ஓட்டலாம். இல்லாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டியிருக்கும். மெஷினில் படுக்கிறவன் ஸ்டீயரிங் பிடிக்க முடியாது என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னப்பராஜுக்கு அது தெரியும். அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

நான்கு காரணங்களில் மூன்றை அவர் மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தது புகையை மட்டும்தான். மற்ற மூன்றும் அவருடையவை, அவருக்கு மட்டுமே உரியவை. புகையில்தான் சீனுவாசனுக்குப் பங்கு இருந்தது. தன் தவறைப் பார்க்க விரும்பாத மனம் பங்காளியைத் தேடும். அவருக்கு அந்தப் பங்காளி தேடாமலே, தினமும் பின்படிக்கட்டில் விசிலோடு நின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரத்தில் ஜெர்லின் கல்லூரியில் ஒரு செமினார் கொடுக்க வேண்டியிருந்தது. உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு. தலைப்பை அப்பாவுக்காகவேதான் எடுத்திருந்தாள், ஆனால் அப்படிச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜின் முன்னால் நின்று அம்மாவையும் அப்பாவையும் வகுப்பாக வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தாள்.

"புகையில இருக்கற ரசாயனம் ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போவுது. அங்க ஃப்ரீ ராடிகல்ஸ்னு உண்டாயிடும். இரும்ப துரு அரிக்குற மாதிரி செல்லை அரிக்கும். ஆன்டிஆக்சிடன்ட் இருந்தா அது குறுக்க போய் நிக்கும், அரிக்க விடாது. எலிங்கள ரெண்டு கூட்டமா பிரிச்சு ஒரே அளவு புகை குடுத்துப் பாத்திருக்காங்க. ஒரு கூட்டத்துக்கு வெறும் புகை. இன்னொண்ணுக்குப் புகையோட வைட்டமின் சி, கிரீன் டீ சாறு இந்த மாதிரி. ரெண்டாவது கூட்டத்துக்கு கிட்னி அவ்ளோ கெடல."

"ஒரே புகைதான?" என்றார் சின்னப்பராஜ்.

"ஒரே புகைதாம்ப்பா."

"அந்த ஆன்டி எதுல இருக்குது?"

"நெல்லிக்காய்ல நிறைய இருக்கு. கொய்யா, கருவேப்பிலை, முருங்கக்கீரை..."

மகள் சொன்ன மற்றவை அவர் காதில் விழவில்லை. தட்டில் கை அப்படியே நின்றது. எலிகள் பற்றிய முடிவு மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது என்று ஜெர்லின் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையும் அவர் கேட்கவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சை மூடி டப்பா தெரிந்தது.

சீனுவாசன் தினமும் பத்தரை மணிக்கு அந்த டப்பாவைத் திறப்பான். உப்பும் பச்சைமிளகாயும் போட்டு ஊறவைத்த நெல்லிக்காய், மூன்று அல்லது நான்கு. நெல்லி இல்லாத மாதங்களில் கொய்யாத் துண்டு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பெட்டியின் மேல்தான் வைப்பான். அதுதான் அவர்களுடைய மேசை. முதல் நாளே, "எடுங்கண்ணே, வூட்டுல போட்டது" என்றான். "பல்லு கூசும்பா, நமக்கு ஆவாது" என்றார் இவர். ஆறேழு வருடம் தினமும் கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். ஆனால் டப்பாவை மூடியதில்லை. பத்தொன்பது வருடம் அது அவருடைய இடது கை எட்டும் தூரத்தில் திறந்தே இருந்திருக்கிறது.

"உனக்கு ஒரு நாளாவது தோணிச்சா?" என்று லூர்துசெல்வியைக் கேட்டார்.

"இன்னாது?"

"அந்தம்மா பத்தொம்போது வருசமா புருசனுக்கு நெல்லிக்கா குடுத்து அனுப்புது. கிட்னிய காப்பாத்திக்கினு இருக்குது."

"அவங்க வூட்டு மரத்துல காய்க்குது, குடுத்து அனுப்புறாங்க. இதுல கிட்னி எங்க வந்துச்சு?" என்றாள் லூர்துசெல்வி. "தட்டுல இருக்கற கருவேப்பிலைய ஒவ்வொண்ணா பொறுக்கி ஓரமா கோலம் போடுற ஆளு நீங்க. நான் வச்ச கொய்யாவ எல்லாம் செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக் குடுத்துட்டு வந்தீங்க. இப்ப வந்து என்னைக் கேக்கறீங்க?"

ஜெர்லின் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சின்னப்பராஜ் தன் கண்டக்டரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார். பொறாமை பொதுவாக இன்னொருவனுடைய வீட்டின் மேல், மனைவியின் மேல், சம்பளத்தின் மேல் வரும். இவருக்கு வந்தது ஒரு மனிதனின் விலாவுக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும் இரண்டு உறுப்புகளின் மேல். அதனால் அதற்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. வீட்டின் மேல் பொறாமைப்படுகிறவன் தெருவை மாற்றிக்கொண்டு போகலாம். சீனுவாசன் படியில் தொற்றி ஏறுவதைப் பார்த்தார். கூட்டத்துக்குள் புகுந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி கல்யாண மண்டபமே காலியா கெடக்குது" என்று கத்திக்கொண்டே முன்னும் பின்னும் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்தார். நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவன். மாலையில் அவன் செருப்பு காலில் தளர்வாகவே கிடந்தது. பேருந்து நிலையக் கழிப்பறையில் பக்கத்தில் நின்றபோது, நுரை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இன்னா பாக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா."

"பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னா எப்டிண்ணே? எம் பொண்டாட்டி கேட்டா சண்டைக்கு வந்துருவா."

சீனுவாசன் இந்தக் கதையை டெப்போ முழுவதும் சொல்லிச் சிரித்தான். நுரை இல்லை என்பது மட்டும் சின்னப்பராஜின் மனதில் தங்கிவிட்டது.

யாரோ ஒரு மருந்துக்கடைக்காரர் சொன்ன தகவல் எரிகிற இடத்தில் இன்னும் எண்ணெய் ஊற்றியது. சிகரெட்டின் கடைசிப் பாதியில்தான் விஷம் அதிகமாம். முதல் பாதியின் புகை போகும் வழியில் படிந்தது எல்லாம் சேர்ந்து அதில்தான் வருமாம். அப்படியானால் நல்ல பாதியை இழுத்த தனக்கு வியாதி, கெட்ட பாதியை இழுத்தவனுக்கு ஒன்றுமில்லை. இதில் நியாயம் எங்கே என்று தேடினார். உடலுக்கு நியாயம் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் அதைவிட நெல்லிக்காயே அவருக்கு வசதியாக இருந்திருக்கலாம். வலி மாத்திரையை யாரிடமிருந்தும் பறிக்க முடியாது. நெல்லிக்காயைப் பறிக்கலாம்.

பறித்தார். மயிலம் ரோடு தாண்டிக் கூட்டேரிப்பட்டில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. சீனுவாசன் கீழே இறங்கி ஒரு பயணியோடு சில்லறைக்கு வாதாடிக்கொண்டிருந்தான். சின்னப்பராஜ் பச்சை மூடியைத் திறந்து நான்கு காய்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டு மென்று, கொட்டைகளை ஜன்னல் வழியே துப்பினார். பல் கூசிக் கண்ணில் நீர் வந்தது. உப்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு மூடியை மூடினார். திண்டிவனத்தில் டப்பாவைத் திறந்த சீனுவாசன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"இன்னாண்ணே, வண்டியில எலி கிலி பூந்துக்கிச்சா?"

"எலி எங்கப்பா உப்பு நெல்லிக்கா துன்னும்? உங்க வூட்டுல வைக்க மறந்திருப்பாங்க."

"தண்ணிகூட இல்லண்ணே. மறந்தவ டப்பாவ கழுவியா குடுப்பா?" என்ற சீனுவாசன், அவர் முகத்தைப் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து டப்பாவில் எட்டு காய்கள் இருந்தன. அதுவும் சின்னப்பராஜுக்கு ஆத்திரத்தையே கொடுத்தது. நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்குத் தாராளமாக இருப்பதும் சுலபம் என்று நினைத்தார்.

நெல்லிக்காயை நம்பி இருக்க முடியாது என்று மருந்துக்கடையில் வைட்டமின் சி மாத்திரை வாங்கினார். ஆரஞ்சு நிறத்தில், சப்பிச் சாப்பிடுவது. இதில் அவருடைய கணக்கு ஒரு டிரைவரின் கணக்கு. ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினால் எஞ்சின் காயாது, துருப்பிடிக்காது. மேடு ஏறும் முன் ஊற்று, பிறகு தாராளமாக மிதி. ஒவ்வொரு பாதி சிகரெட்டுக்கும் ஒரு மாத்திரை. பாதி எட்டு, மாத்திரை எட்டு; வீட்டில் பிடிக்கும் முழுசுக்கு இரண்டு. புகையை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. எலிகளும் புகையை நிறுத்தவில்லையே. லூர்துசெல்விக்கும் ஜெர்லினுக்கும் தெரியாமல் மாத்திரை அட்டையை டிரைவர் சீட்டுக்கு அடியில், டூல் பெட்டியில் வைத்திருந்தார்.

மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஆறு.

மருத்துவர் கலைமதி காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். சின்னப்பராஜ் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு அட்டையை எடுத்து வைத்தார். ஒரு நாளைக்குப் பத்து என்றார். பக்கத்தில் நின்ற ஜெர்லினின் முகம் வெளுத்துவிட்டது.

"இது யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் குடுக்கல மேடம். எலிக்கு குடுத்தாங்களாம்."

மருத்துவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அந்த எலிங்களுக்குப் பிரஷர் கிடையாது. பன்னெண்டு வருஷம் வலி மாத்திரை சாப்பிடல. எவ்வளவு புகை, எவ்வளவு மருந்துன்னு அளந்து குடுத்தாங்க. அதை வச்சு, மனுஷன் புகை பிடிச்சுக்கிட்டே மாத்திரை போட்டா கிட்னி தப்பிக்கும்னு யாரும் நிரூபிக்கல. வைட்டமின் சி இந்த அளவுக்குப் போனா உடம்பு அதை ஆக்சலேட்டா மாத்திடும். ஏற்கெனவே பாதிச்ச கிட்னியில அது மணல் மாதிரி படியும். பழம், காய் சாப்பிடுங்க, எது எவ்வளவுன்னு எழுதித் தர்றேன். மாத்திரை இன்னையோட நிறுத்துங்க. சிகரெட்டும். ஆன்டிஆக்சிடன்ட் துருவைத் தடுக்குதோ இல்லையோ, துரு புடிக்க வைக்கறதை நிறுத்தறது உங்க கையில இருக்கு."

"அவனும் அதே சிகரெட்தான் மேடம் புடிக்கறான். பத்தொம்போது வருசமா. கடைசிப் பாதி வேற. அவன் குண்டுக்கல்லு மாதிரி இருக்கறான்."

"யாரு?"

"கண்டக்டரு."

"அவரை நான் பார்க்கலையே. அவரு ரத்தத்தை யாராவது சோதிச்சாங்களா?"

இல்லை. யாரும் சோதித்ததில்லை. தளர்ந்த செருப்பையும் நுரையில்லாத சிறுநீரையும் வைத்துக்கொண்டு இத்தனை மாதமாக அவர் ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. மகள் அதை டாக்டர் சொன்னதைப் புரிந்துகொண்ட தெளிவு என்று நினைத்தாள்.

மாத்திரையை அன்றே நிறுத்தினார். வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டு இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டார். ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் போட்டார். பாதி சிகரெட்டை மட்டும் விடவில்லை. சீனுவாசனின் இரத்தம் என்ன சொல்கிறது என்று தெரியும்வரை விடுவதற்கில்லை. அவனுக்கும் கெட்டிருந்தால் குற்றம் புகையினுடையது, விட்டுவிடலாம். அவனுக்குக் கெடவில்லை என்றால் குற்றம் எங்கோ தன்னிடம். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அவனுக்கும் கெட்டிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருப்பலியின்போது முழந்தாளிட்டிருந்த நேரத்திலும் அந்த ஆசை போகவில்லை.

"ஒரு டெஸ்ட்டு எடுத்துரு சீனு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "எனக்கு வந்த மாதிரி உனக்கும் சத்தமில்லாம வந்திருந்தா?"

சீனுவாசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இந்த நெலமையில இருந்துகினு என்னப் பத்தி யோசிக்கறீங்க பாருங்கண்ணே" என்றான். அன்று மாலையே விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போய் இரத்தம் கொடுத்தான். மறுநாள் முதல் நான்கு நாள் விடுப்பு. நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் வைத்திருந்தான். "ரிப்போர்ட்ட நீங்களே வாங்கிடுங்கண்ணே. டாக்டரம்மாகிட்ட காட்டிடுங்க. அத வச்சுகினு நானு இன்னா பண்ணப் போறேன்?"

சின்னப்பராஜ் உறையை வாங்கி, பரிசோதனைக்கூடத்தின் வாசலிலேயே பிரித்தார். இந்தக் காகிதங்களைப் படிக்க அவர் இப்போது பழகியிருந்தார். கிரியாட்டினின் சைபர் புள்ளி எட்டு. சிறுநீரில் புரதம் இல்லை. அளவு மீறியதைக் காட்டும் தடித்த எழுத்தில் ஒரு எண்கூட அச்சாகியிருக்கவில்லை. அவருடைய காகிதங்களில் தடித்த எழுத்தில் இல்லாத எண்தான் குறைவு. ஒருமுறை பெயரைச் சரிபார்த்தார். சீனுவாசன், ஐம்பது, திருவாமாத்தூர். உறையை மடித்து ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் கவரில் செருகிக்கொண்டார். மருத்துவரிடம் அதைக் காட்டவில்லை.

விடுப்பு முடிந்து சீனுவாசன் வந்த நாள் முதல் நடை வழக்கம்போலத் திண்டிவனத்தில் நின்றது. சின்னப்பராஜ் டீக்கடையில் ஒரு சிகரெட் வாங்கினார். சுவரோரம் போய் நின்று நகத்தால் கோடு கீறினார். பற்றவைக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த சீனுவாசன் தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"புது மல்லாட்ட. வேக வச்சது. உப்பு கம்மியாத்தான் போடச் சொன்னேன், உங்களுக்குன்னு. இன்னாண்ணே, இன்னும் பத்த வைக்கல?"

சின்னப்பராஜ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"ரிப்போர்ட்டு வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு."

"இன்னா போட்டுகிது?"

"உனக்கும் ஆரம்பிச்சிருக்குதாம்பா."

சீனுவாசன் சிரிக்கப் போய் நிறுத்தினான். "வெளையாடாதீங்கண்ணே."

"ஆரம்பந்தான். பயப்பட ஒண்ணும் இல்ல. மருந்துகூட வேணாமாம், ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா போதுமாம். சிகரெட்ட வுடச் சொன்னாங்க. ரெண்டு பேரையும்."

நகக்கோட்டில் சிகரெட்டை ஒடித்தார். இரண்டு பாதிகளையும் சாக்கடையில் போட்டார். சீனுவாசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பேருந்து திரும்பக் கிளம்பியபோது விசில் வர நேரமாயிற்று.

அதற்குப் பிறகு இருவரும் புகைக்கவில்லை. திருவாமாத்தூரில் லட்சுமியம்மாள் அபிராமேசுவரர் கோயிலில் வேண்டிக்கொண்டாள். ஒருநாள் தொலைபேசியில் அழுதுகொண்டே, "நெல்லிக்கா குடுக்கலாமாண்ணே அவருக்கு? வைட்டமின் ஆவாதுன்னு உங்களுக்குச் சொன்னாங்களாமே" என்று கேட்டாள். சின்னப்பராஜ், "நிறுத்திடும்மா" என்றார். பச்சை மூடி டப்பா எஞ்சின் பெட்டியிலிருந்து மறைந்தது. சீனுவாசன் இளைத்தான். கூட்டத்தில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடப்பதாகக் கத்துவதை விட்டுவிட்டான். வண்டியை நிறுத்தும் இடங்களில் இருவரும் சுவரோரம் சும்மா நின்றார்கள்; கைகளை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. சின்னப்பராஜின் கிரியாட்டினின் இரண்டுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. மெஷினைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை என்றார் மருத்துவர்.

எட்டு மாதம் கழித்துக் குடலிறக்க அறுவைக்காக சீனுவாசனுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கிட்னி ஆரம்பம் என்றார்களே என்று அவன் கேட்டான். அதே பரிசோதனைக்கூடத்தில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி அச்செடுத்துக் கொடுத்தார்கள்.

அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பிய காலையில், திண்டிவனத்தில், அவன் டைம்கீப்பரிடம் போகவில்லை. நேராக டிரைவர் பக்கக் கதவுக்கு வந்து அந்தக் காகிதத்தை ஸ்டீயரிங்கின் மேல் வைத்தான்.

"இது நீங்க வாங்கின நாளுதான?"

சின்னப்பராஜ் பார்த்தார்.

"எட்டு மாசம் எம் பொண்டாட்டி சரியா தூங்கல. எனக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகினே சொன்னீங்க." காகிதத்தை விரலால் தட்டினான். "வவுத்தெரிச்சலாண்ணே? எனக்கு வரலியேன்னு? இல்ல, நானாவது வுடட்டும்னு சொன்னீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல. சொல்லிடுங்க."

டீக்கடைக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வண்டிக்குள் முன்சீட்டில் இருந்த பெண் தன் பேச்சை நிறுத்தினாள். சின்னப்பராஜ் தன் உரிமக் கவரைத் திறந்தார். எட்டு மாதமாக மடித்து வைத்திருந்த முதல் ரிப்போர்ட் அதில் இருந்தது. அதை எடுத்து, ஸ்டீயரிங் மேலிருந்த காகிதத்தோடு சேர்த்து சீனுவாசனிடம் கொடுத்தார்.

"டைம் ஆயிடுச்சு" என்றார். "கையெழுத்து வாங்கிக்கினு வா."

ஈஸ்டருக்கு முன், பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வந்த நாளில், அதற்குள் விஷயம் தெரிந்திருந்த லூர்துசெல்வி அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். நெல்லிக்காய் திருடியதைச் சொன்னேன் என்றார். சீனுவாசனிடம் சொன்ன பொய்யையும் சொன்னாரா என்று கேட்டதற்கு, சோறு போடச் சொன்னார். அந்த ரிப்போர்ட்டை ஏன் கிழித்துப்போடாமல் வைத்திருந்தார் என்று ஜெர்லின் கேட்டாள். அவர் தட்டின் ஓரத்திலிருந்த கருவேப்பிலையை எடுத்து மென்றார்.